ஆரபியை எல்லோருக்கும் தெரியும்

கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியவரும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் பேசுகிறவர்கள் மற்றப் பக்கத்தைப் பற்றி விசாரிக்க ஊருக்குள் வந்தால், சந்திக் கடைக்காரர் "யோசப்பின் அக்காவைப் போய்க் கேளுங்கோ" என்று எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். யோசப்பின் என்பது நான்தான். நானும் பிளேன்ரீ வைத்துக் கொடுத்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லி அனுப்புவேன். இருபத்தைந்து வருஷச் சேவை. ஒருவர்கூட ஒரு பொன்னாடை போர்த்தியதில்லை.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. விசாரிக்க ஆட்கள் வருவது நின்றது. மாப்பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டான், யாருடைய தோளில் கைபோட்டுப் படம் எடுத்தான் என்பதெல்லாம் கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு எனக்கு முதலே தெரிந்திருந்தது. சரி, நானும் ஒரு போன் வாங்கினேன். என் பெயரில் முகநூல் திறந்து ஒழுங்கை முழுவதையும் நட்பில் சேர்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. பக்கத்து வீட்டு றெஜினா திருவிழாவுக்குக் கட்டிய சேலைப் படத்தின் கீழ், "போன வருஷமும் இதைத்தானே கட்டினனீர், இன்னும் சாயம் போகேல்லை, நல்ல சேலை" என்று நான் மனதாரப் பாராட்டி எழுதும்வரைக்கும். அன்று பின்னேரமே றெஜினா என்னை நட்பில் இருந்து வெட்டிவிட்டாள். நேரில் சிரிப்பாள், வேலிக்கு மேலால் கறிவேப்பிலை கேட்பாள். போனில் மட்டும் நான் அவளுக்குச் செத்தவள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாமல் ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பாள்? நான் ஒன்பது நாள் இருந்தேன். பத்தாம் நாள் ஆரபியைப் பெற்றேன்.

ஆரபி செல்வநாயகம். வயது இருபத்துநான்கு. ஊர் சாவகச்சேரி. முகநூல் படத்துக்கு ஒரு செவ்வரத்தம்பூ. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர். சைவப் பெயராக, தென்மராட்சிப் பிள்ளையாக இருந்தால் என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்பது என் மூளையின் ஏற்பாடு. றெஜினா உடனே சேர்த்துக்கொண்டாள். என்னைச் சேர்க்காமல் விட்ட பலபேர் ஆரபியைச் சேர்த்தார்கள்.

பெற்றதுதான் நான். வளர்த்தது போன். என் சொந்தப் பெயரில் திறந்தால் அது எனக்கு முழங்கால் நோவு எண்ணெய் காட்டும். ஆரபியாகத் திறந்தால் முகத்துக்குப் பூசும் கிறீம், லண்டனில் படிக்கப் போகிற வழி, கூறைச் சேலைக்கு ஏற்ற ஜாக்கெற் வெட்டு. நான் ஒரு ஜாக்கெற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மறுநாள் பத்து ஜாக்கெற் வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் எனக்கு ஜாக்கெற் கழுத்துகளைப் பற்றி மிக உறுதியான அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன. அவை என்னுடையவையா ஆரபியுடையவையா என்று நான் ஆராயப் போகவில்லை. ஆரபியின் பிறந்தநாளுக்கு நாற்பத்தாறு பேர் வாழ்த்தினார்கள். என் பிறந்தநாளுக்கு என் மனுஷன் யாகோப்பு, "இஞ்சாரும், இண்டைக்கு என்ன விசேஷம், பாயாசமெல்லாம்?" என்று கேட்டார். நானே காய்ச்சிய பாயாசம்.

இப்படி ஒரு வருஷம் இரண்டு பேராக வாழ்ந்துகொண்டிருக்கும்போதுதான் றெஜினாவின் மகள் ஜெசிதாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. ஜெசிதா முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். மாப்பிள்ளை குருநகர் கிறிஸ்ரோபர், படகு எஞ்சின் திருத்துகிறவன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிறபோது சுவாமியார் இரண்டு பேருடைய பெயரையும் தாய்தகப்பன் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்கு ஏதும் தடை இருப்பதை அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வார். கடமை! எங்கள் கோயில் பங்கிலேயே அந்தச் சொல்லை மனதில் எடுத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். இப்போது இளைஞர் மன்றம் அந்த ஓலையை மணமக்களின் படத்தோடு பங்கின் முகநூல் பக்கத்திலும் போடுகிறது.

முதல் ஞாயிறு பூசையால் வந்து, நண்டு உடைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, ஆரபியாகத் திறந்தேன். ஓலைக்கு யார் யார் விருப்பம் போட்டிருக்கிறார்கள், யார் போடவில்லை என்று பார்த்தேன். ஆரபியும் ஏதாவது போடத்தானே வேண்டும். கையும் இதயமும் எல்லோரும் போட்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு முகம் இருந்தது. நெற்றியெல்லாம் சிவந்து, தலை குனிந்தமாதிரி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. எங்கள் ஊர்க் கல்யாண அல்பங்களில் பொம்பிளைகள் அப்படித்தான் இருப்பார்கள். வெட்கப்படுகிற மணப்பெண் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பொருத்தமான முகம் வேறு ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டு அதை அழுத்திவிட்டு நண்டுக்குத் திரும்பினேன்.

அது கோப முகம் என்பது பின்னேரம் கடற்கரையால் வந்த யாகோப்பு சொல்லித்தான் தெரிந்தது.

"இஞ்சாரும், கேள்விப்பட்டீரே? ஜெசிதான்ரை ஓலைக்கு ஆரோ ஒரு சாவகச்சேரிப் பெட்டை கோவப்பட்டிருக்கிறாளாம்."

போனை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியோடு. கிறிஸ்ரோபரின் சித்தி மக்டலீன் ரொறன்ரோவில் இருந்து முதல் ஆளாக எழுதியிருந்தாள்: "ஏன் தங்கச்சி கோபம்? தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, சொல்லவேண்டியது கடமை." அதற்குக் கீழே எழுபது பேர். பதறிப்போய் அந்த முகத்தை எடுத்துவிட்டேன். அது அடுத்த பிழை. ஐந்து நிமிஷத்தில் மக்டலீன் எழுதினாள்: "பாத்தீங்களோ, ஆரோ மிரட்டி எடுக்க வைச்சிட்டினம்." முகம் இருந்தபோது போன் திரையைப் பிடித்து வைத்த படத்தையும் ஒருவர் பத்திரமாகக் கொண்டுவந்து ஒட்டினார்.

அன்று வேறு இரண்டு சோடிகளுக்கும் ஓலை வாசித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் படங்கள் பத்து இதயத்தோடு கீழே போய்விட்டன. ஆட்கள் கொதிக்கிற ஓலையைத்தான் போன் தூக்கித் தூக்கி எல்லோர் முன்னாலும் வைத்தது. செவ்வாய்க்கிழமைக்குள் பாரிசில் இருக்கிறவர்களுக்கும் விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டது. விஷயம் என்னவென்றால்: கிறிஸ்ரோபர் இரண்டு வருஷத்துக்கு முதல் சாவகச்சேரிக்குப் பக்கத்தில் கச்சாயில் ஆறு மாதம் எஞ்சின் வேலை பார்த்தவன். ஆரபி சாவகச்சேரி. இதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கே ஒரு கணம், அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசனை ஓடியது.

புதன்கிழமை றெஜினா வந்தாள். வேலிக்கு மேலால் இல்லை, படலையைத் திறந்துகொண்டு, தலைமயிர் இழுத்துக் கட்டாமல் வந்தாள்.

"அக்கா, அவளை நானும் ஆரோ நல்ல பிள்ளையாக்கும் எண்டு சேர்த்து வைச்சிருந்தனான். இப்ப ஜெசிதான்ரை போனைத் திறந்தால் 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' எண்டு முதல் ஆளா அவள் வந்து நிக்கிறாள். கிறிஸ்ரோபரின்ரை போனிலையும் அவள்தானாம் முதல். ஒண்டும் இல்லாமல் போன் கொண்டுவந்து காட்டுமோ?"

போனுக்கு என்ன தெரியும்? கிறிஸ்ரோபரின் பக்கத்தையும் ஜெசிதாவின் பக்கத்தையும் ஆரபி என்கிறவள் நாளுக்கு நாலுதரம் போய் எட்டிப் பார்க்கிறாள் என்று தெரியும். பார்க்கிறவள் பரணியில் ஊறுகாயைக் கிளறிவிட்டு வந்து பார்க்கிற ஐம்பத்துநாலு வயதுக்காரி என்பது அதற்குத் தெரியாது. அதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கள்தான் அக்கா அவளை விசாரிச்சுச் சொல்லவேணும். உங்களை விட்டால் இந்த ஊரிலை வேறை ஆர் இருக்கினம்?" என்றாள் றெஜினா.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு ஒரு விசாரணை வந்திருந்தது. பிளேன்ரீ வைத்தேன். "பாப்பம்" என்றேன். என்னையே நான் தேடிக் கண்டுபிடிக்க ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

இரண்டாம் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அன்று றெஜினா சுவாமியாரிடம் போய் மூன்றாவதை நிறுத்திவைக்கச் சொன்னாள். நானும் துணைக்குப் போனேன். எங்கேதான் போகாமல் இருந்தேன்?

"ஒரு முகத்தை வைச்சுக்கொண்டு நான் தடையெண்டு எழுத ஏலாது" என்றார் சுவாமியார். "ஆனால் பொம்பிளை வீட்டுக்கே சந்தேகம் எண்டால் வாசிக்கமாட்டன். சனிக்கிழமைக்குள்ளை ஒரு முடிவோடை வாங்கோ. வாசிக்காட்டில் கல்யாணம் இல்லை, விளங்குதோ?"

வியாழக்கிழமை ஜெசிதா வந்தாள். கண் வீங்கி, முன்பள்ளிப் பிள்ளைகள் பூசிய சோக்குத் தூள் அப்படியே சட்டையில் இருக்க, வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அன்ரி, நாளைக்கு என்னோடை சாவகச்சேரிக்கு வாறீங்களோ? அவளைக் கண்டு நேரை கேக்கப்போறன். அவர் வாக்குக் குடுத்திருந்தால் நான் விலகிறன். இன்னொரு பெட்டையை அழவைச்சுப்போட்டு எனக்கொரு கல்யாணம் வேண்டாம்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் பிள்ளை, எத்தனை மணி பஸ்?" என்பது வெளியே வந்தது.

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். போனை மடியில் குப்புற வைத்திருந்தாள். நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரு சொல் இல்லை. எனக்கு அது பெரிய தண்டனை. பிறகு அவளாகவே, "தெரியாது எண்டுதான் அன்ரி சொல்லுறார். அம்மாவாணை, அந்தோனியாராணை தெரியாது எண்டுறார். தெரிஞ்சவையும் அப்பிடித்தானே சொல்லுவினம்?" என்றாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன். குடித்து முடிய மூடியைத் தேடினேன். மூடி கையில்தான் இருந்தது.

சாவகச்சேரிச் சந்தையில் இரண்டு கடையில் விசாரித்தோம். இரண்டிலும், தங்கமுத்துவைக் கேளுங்கள், அவவுக்குத் தெரியாத ஆள் இல்லை என்றார்கள். தங்கமுத்து பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பலாப்பழச் சுளை விற்கிற மனுஷி. அறுபது வயது இருக்கும். கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பழத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். ஜெசிதா ஆரபியின் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.

"செல்வநாயகத்தின்ரை மேள் ஆரபிதானே? ஏன் தெரியாது?"

அப்படி ஒருத்தி உண்மையாகவே இருக்கிறாளா?

தங்கமுத்து இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. குருநகர்ப் பெடியன் ஒருத்தன், எஞ்சின் திருத்திறவன், இஞ்சை வந்து நிண்டவன். போன் முழுக்க உந்தக் கதைதானே. பெட்டை இப்ப சோறு தண்ணி இல்லை. செவ்வரத்தம்பூவைக் கண்டால் அழுகுதாம்."

ஜெசிதாவின் கை என் கையைப் பிடித்தது.

எனக்கோ அந்த நேரத்தில் வேறு ஒன்று பிடிபட்டுக்கொண்டிருந்தது. இடம் பார்த்து, வலம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, 'நான் சொன்னதெண்டு சொல்லாதையுங்கோ' என்று தொடங்குவது என்னுடைய முறை. நாலு பேருக்குத் தெரிந்ததை எடுத்து, பூ மாதிரி ஒரு சின்ன அடையாளத்தை அதில் சொருகிவிடுவதும் என்னுடைய முறை. இருபத்தைந்து வருஷம் என் வீட்டு விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடித்தவர்கள் கேட்டுக்கொண்டு போனது இதைத்தான். கேட்கிற பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது!

"வடிவான பிள்ளையோ?" என்று கேட்டாள் ஜெசிதா.

"அப்பிடிச் சொல்ல ஏலாது" என்றாள் தங்கமுத்து. "பல்லு கொஞ்சம் மிதப்பு. உடுப்பும் அவ்வளவு தெரியாது. ஒரு ஜாக்கெற்றை ஒழுங்காத் தைச்சுப் போடமாட்டாள்."

அங்கேதான் என்னால் பொறுக்க முடியவில்லை. மனச்சாட்சி குத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பன்னிரண்டு நாளும் குத்திக்கொண்டுதான் இருந்தது, நான் வாய் திறக்கவில்லை.

"ஆரபிக்கோ ஜாக்கெற் தெரியாது?" என்று நான் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பியது. "கண்டதே நீர் அவளை? பொய் சொல்லாதையும்! ஆரபிக்குப் பல்லே இல்லை!"

"ஏன், என்ன நடந்தது பல்லுக்கு?" என்றாள் தங்கமுத்து, ஆவலாக.

"அப்பிடி ஒரு பெட்டையே இல்லை! ஆரபி நான்தான்!"

தங்கமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த கொண்டையை, செபமாலையை, வெடித்த குதிக்காலை. பிறகு ஒரு சுளையை எடுத்துக் கொட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீர் இல்லை" என்றாள். "ஆரபியை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும்."

ஜெசிதா என் கையை விட்டுவிட்டாள். நான் போனைத் திறந்து ஆரபியாக உள்ளே போய் அவளிடம் நீட்டினேன். அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தன் வீட்டுப் படங்களையெல்லாம் ஆரபி பார்த்திருப்பதைப் பார்த்தாள்.

"அந்த முகம்?"

"வெட்கப்படுற பொம்பிளை எண்டு நினைச்சன் பிள்ளை. கண்ணாடி போடேல்லை."

"அது சரி அன்ரி. அது பிழைச்சுப்போச்சு." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பன்னிரண்டு நாள் எங்கடை வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, அம்மா அழ நீங்களும் சேர்ந்து அழுதனீங்களே. அது என்ன?"

சேர்ந்து அழுததும் உண்மையான அழுகைதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆரபியின் பெயரில், ஓலைக்குக் கீழே: "நான் ஆரபி இல்லை. கொழும்புத்துறை யோசப்பின். கிறிஸ்ரோபருக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை." கைதடி வரமுன்னம் பதில்கள் வந்தன. அக்கவுண்டை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர். மக்டலீன் எழுதினாள்: "பாவம் அந்தப் பிள்ளை. ஒண்டுமறியாத யோசப்பின் அக்கான்ரை பேரையும் இழுத்து நாறடிக்கினம்." ஒன்றும் அறியாத யோசப்பின்! என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு நல்லதாக எழுதியது அதுதான் முதல்தரம். பிறகு என் சொந்தப் பெயரில் எழுதிப் போட்டோம். யாழ்ப்பாணம் பஸ்நிலையம் வரும்வரைக்கும் அதற்கு இரண்டு விருப்பம். ஒன்று தவறுதலாக நானே போட்டது. கோபத்தைக் கண்டம் கடந்து காவிக்கொண்டு போன அதே போன், இதை ஒருவர் முன்னாலும் கொண்டுபோய் வைக்கவில்லை.

ஜெசிதா போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"குருநகருக்கு வாங்கோ. அவையின்ரை வீட்டிலை, வாயாலை சொல்லுங்கோ."

கிறிஸ்ரோபரின் தாய் மரியநாயகி முற்றத்தில் கணவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை தந்தாள். நான் இருந்துகொண்டு சொன்னேன், தொடக்கத்தில் இருந்து, ஒன்றும் கூட்டாமல். கூட்டாமல் சொன்னால் என் கதைகள் எவ்வளவு சின்னவை என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மரியநாயகி கணவாயின் ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"நான் அவனை ஒவ்வொரு நாளும் கேட்டனான்" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தனி, சொல்லடா எண்டு. முந்தநாள் மாதா சுரூபத்துக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கவைச்சுக் கேட்டனான். நிண்டவன். அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கிறேல்லை."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கணவாய் மை படும் என்று இறக்கிக்கொண்டாள்.

கிறிஸ்ரோபர் வேலையால் வந்தான். கையெல்லாம் கிறீஸ். வாசலில் ஜெசிதாவைக் கண்டதும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டான். நான் எழும்பினேன்.

"தம்பி, ஆரபி நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். ஜெசிதாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"அன்ரி, நீங்களோ?" என்றான். "நீங்கள் எனக்கு மூண்டுதரம் றிக்குவெஸ்ற் அனுப்பினனீங்கள். நான் எடுக்கேல்லை. அதுக்கோ இவ்வளவு கோவம்?"

முதலில் சிரித்தது மரியநாயகி. சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாதபடி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. அவன் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்தில் போய், கிறீஸ் படாமல் முழங்கையால் அவளை ஒருதரம் இடித்தான்.

ஜெசிதா சிரிக்கவில்லை. "கிறிஸ், கொஞ்சம் கதைக்கவேணும்" என்றாள். இருவரும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனார்கள்.

வெய்யில் முகத்தில் அடிக்கிறது என்று நான் கதிரையைக் கொஞ்சம் பின்பக்கமாக நகர்த்தினேன். 'நம்பாமல் விட்டிட்டன்' என்று அவள் சொன்னது கேட்டது. அவன் ஏதோ சொன்னான். இன்னும் ஒரு சாண் நகர்த்தினேன்.

மரியநாயகி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டாள். அது படகு எஞ்சின் மாதிரிக் கத்தியது. மேலே தொட்டி ஏற்கெனவே நிரம்பி, கூரையால் தண்ணீர் வழிந்து கணவாய்ப் பாயை நனைத்தது. அவள் நிறுத்தவில்லை.

கால் மணித்தியாலம். திரும்பி வந்தபோது ஜெசிதாவின் கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிறீஸ் இருந்தது. தாய்க்குப் போன் எடுத்து, "அம்மா, மூண்டாம் ஓலையை வாசிக்கட்டும் எண்டு சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். ஞாயிறு வாசித்தார்கள்.

கிணற்றடியில் என்ன கதைத்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? தெரிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லாமல் விடுவேனா.